துணைக்குப் போகிறவன்

தில்லியில் படிக்கும் தமிழ் மாணவனுக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத வேலை ஒன்று உண்டு. ஊரிலிருந்து உறவினரோ, உறவினருக்கு உறவினரோ வைத்தியத்துக்காக வந்து இறங்கினால், அவர்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் அது. நமக்கு இந்தி பேச வரும். மெட்ரோ இரயிலில் எந்த நிலையத்தில் மாறவேண்டும் என்பது தெரியும். ஒரு நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் குடிமுழுகிப் போகாது என்பதும் பெரியவர்களின் எண்ணம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும், சாலைக்கு அப்பால் அதற்கு எதிரே உள்ள சப்தர்ஜங் மருத்துவமனையும் நம்மவர் பலருக்குக் கல்லூரி நூலகத்தைப்போலப் பழகிப்போன இடங்கள். நம் மன்றத்து நண்பர்களுள் இவ்வேலையைச் செய்யாதவர் மிகச் சிலரே இருப்பர்.

நானும் சிலருக்காகப் போயிருக்கிறேன். வழிகாட்டுவது, வரிசையில் நிற்பது, சீட்டு வாங்குவது, டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்வது, இவ்வளவே அப்போதெல்லாம் என்னிடம் எதிர்பார்த்த உதவி. 2025ஆம் ஆண்டுக் கோடையில் என் தந்தையாருக்காக நரம்பியல் நிபுணர் ஒருவரிடம் போக நேர்ந்தது. துணைக்குப் போகிறவன் வேலை ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதன்று, வீட்டுத் திண்ணையிலேயே தொடங்குவது என்பதை அந்த முறை நன்றாகக் கண்டேன். இதே வேலை நாளை உங்களுள் யாருக்கும் வரலாம். ஆகவே கண்டதை எழுதுகிறேன்.

அப்பா தென்காசிப் பக்கத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மே மாதம் அம்மாவுடன் மயூர் விகாரில் அக்காள் வீட்டுக்கு வந்திருந்தார். கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒன்றோடொன்று உரசி ஆடிக்கொண்டிருக்கும். வலக்கையில் அதிகம், இடக்கையில் கொஞ்சம். “முப்பத்தஞ்சு வருஷம் நோட்டு எண்ணின கை. பென்ஷன் வாங்கியும் எண்ணுறதை விடலை” என்று அம்மா வேடிக்கையாகச் சொல்லுவாள். எங்களுக்கு வேடிக்கையாக இல்லை. அத்தான் இணையத்தில் பதிவு செய்து, பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் இரண்டு வாரம் கழித்து நாள் வாங்கினார்.

மருத்துவம் படிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “புதிய நோயாளிக்கு அங்கே பத்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. அந்தப் பத்து நிமிஷத்தில் நீங்கள் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. சொல்லவேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்” என்றார். “ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. 1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற இலண்டன் மருத்துவர் இந்த நடுக்க நோயைப் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதினார். அவர் ஆதாரமாகக் கொண்ட நோயாளிகள் ஆறே பேர். அவர்களுள்ளும் சிலரைத் தெருவில் கண்டே அறிந்தார். இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் நரம்பியல் நிபுணர்கள் பெரும்பாலும் கேட்டும் பார்த்துமே இந்நோயை முடிவு செய்கிறார்கள். ‘இதுதான்’ என்று அறுதியிட்டுச் சொல்லும் எளிய இரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதும் வேறு நோய் ஏதேனும் உண்டா என்று பார்ப்பதற்கே பெரிதும் பயன்படுகிறது. ஆகவே நோயாளி சொல்லும் வரலாறுதான் நிபுணருக்கு முதற் கருவி. அந்தக் கருவி மழுங்கியிருந்தால் அவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தும் என்ன பயன்?

அன்று மாலையே ஒரு தாளை எடுத்துக்கொண்டு அப்பாவின் எதிரில் உட்கார்ந்தேன்.

“எப்போதிலிருந்து அப்பா?”

“இப்பத்தான். ஒரு மாசம் இருக்கும்.”

அடுப்பங்கரையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: “பொங்கலுக்குக் கோலப்பொடி டப்பாவை எடுத்துத் தந்தீங்களே, அப்பவே கை ஆடிச்சே!” அக்காள் தன் கைப்பேசியைக் கொண்டுவந்தாள். 2024ஆம் ஆண்டு ஆவணியில் அவள் குழந்தைக்குக் காதுகுத்து நடந்தது. அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் அப்பா தம் வலக்கையை இடக்கையால் பற்றிக்கொண்டே நிற்கிறார். ஒரு மாதம் என்றது பத்து மாதம் ஆயிற்று.

நம் குடும்பங்களில் நாட்காட்டியைப் பார்த்து நோயை நினைவில் வைப்பார் இல்லை. பொங்கல், ஆடிக் கொடை, பேத்தி காதுகுத்து, பக்கத்து வீட்டுக் கலியாணம், இவைதாம் நமக்கு நாட்காட்டி. எனவே ‘எந்தத் தேதி’ என்று கேட்டால் விடை வாராது. ‘கொடைக்கு முன்னாலா, பின்னாலா’ என்று கேட்டால் வந்துவிடும். பிறகு அவற்றை மாதமும் ஆண்டுமாக மாற்றி எழுதுவது துணைக்குப் போகிறவன் பொறுப்பு.

அடுத்த இடையூறு சொற்களால் வந்தது. அப்பா அடிக்கடி ‘மயக்கம்’ என்றார். இதை இந்தியில் ‘சக்கர்’ என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மயக்கம் என்ற ஒரு சொல்லுக்குள் தமிழன் எத்தனையோ துன்பங்களை அடைத்து வைத்திருக்கிறான். வீடு சுழல்வது போல் இருந்தாலும் மயக்கம். எழுந்தவுடன் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம். வயிற்றைப் புரட்டினாலும், கால் தள்ளாடினாலும், நினைவு தப்பினாலும் மயக்கமே. மருத்துவருக்கோ இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வழி. சுழற்சி என்றால் உட்காதைப் பற்றி நினைப்பார். எழும்போது இருட்டுவது என்றால் இரத்த அழுத்தத்தைப் பற்றி நினைப்பார். ஆகவே அப்பாவை நடித்துக் காட்டச் சொன்னேன். 2023ஆம் ஆண்டு ஆடியில் கட்டிலில் புரண்டு படுத்தபோது மோட்டுவளை சுழன்றதாம். அது பத்து நாளில் போய்விட்டது. இப்போது வருவது வேறு. சாப்பிட்டுவிட்டு எழுந்தால் கண் இருட்டுகிறது. ஒரே பெயரில் இரண்டு நோய்கள்! தாளில் அவற்றைப் பிரித்து எழுதினேன். பக்கத்து வீட்டாரிடம் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கி, உட்கார்ந்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் மூன்று நாள் அளந்து குறித்துக்கொண்டோம்.

நண்பர் கேட்டுவரச் சொன்ன வேறு சில கேள்விகளும் இருந்தன. வாசனை தெரிகிறதா? தூக்கத்தில் கத்துவது, கையை வீசுவது உண்டா? மலச்சிக்கல் உண்டா? கைந்நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பார்க்கின்சன் நோய் இத்தகைய குறிகளைக் காட்டுவதுண்டு. இவற்றுக்கு அப்பா விடை சொல்லவில்லை; அம்மா சொன்னாள். காப்பிக்கொட்டை வறுபடும் மணம் தெரு முனையிலேயே அவருக்குத் தெரியும். தூக்கத்தில் கத்தியது ஆண்டில் இரண்டு முறை இருக்கலாம். மலச்சிக்கல் இல்லை. ‘இல்லை’ என்பதும் ஒரு செய்தியே. உண்டு என்றதைப்போலவே இல்லை என்றதையும் எழுதிக்கொள்ளவேண்டும்.

பிறகு மருந்துப் பை. அப்பாவின் பெட்டியிலிருந்தும், அலமாரியிலிருந்தும், அம்மாவின் சுருக்குப்பையிலிருந்தும் வந்தவற்றைப் பாயில் பரப்பினோம். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, அவற்றுடன், பாதி வெட்டிய அட்டையில் சிறிய மாத்திரை ஒன்று. “இது எதற்கு?” என்றேன். “அது தலைச்சுற்று மாத்திரை. அப்ப கொடுத்தது.” 2023இல் ஒருவர் பதினைந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. சுற்றல் நின்றது, மாத்திரை நிற்கவில்லை. காலி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்துவிடுவார்களாம். இப்படியே இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அட்டையில் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் சின்னரிசின் என்ற மருந்தின் பெயர். ஊருக்கு ஊர் கம்பெனிப் பெயர் மாறும். மருந்தின் பெயர் மாறாது. ஆகவே பொடி எழுத்தைத்தான் தாளில் எழுதவேண்டும்.

அம்மா ஒரு டப்பாவைப் புடைவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டே நின்றாள். “இதையும் காட்டணுமா? டாக்டர் ஏசமாட்டாரா?” நரம்புத் தளர்ச்சிக்கு என்று யாரோ சொல்லி வாங்கிய பூனைக்காலிச் சூரணம், நான்கு மாதமாக இரவில் பாலில் கலந்து கொடுத்துவருகிறாள். நாட்டு மருந்தை மருந்தென்றே சொல்லாமல் மறைப்பது நம்மிடையே பெரிய வழக்கம். ஏசுவார்கள் என்ற அச்சம் ஒன்று. அது உணவுதானே என்ற எண்ணம் மற்றொன்று. ஆனால் பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபா. நடுக்க நோய்க்கு இன்றும் தலையாய மருந்து அதுவே. 1937ஆம் ஆண்டிலேயே தாமோதரன், இராமசாமி என்ற இருவர் அவ்விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். டப்பாவும் பைக்குள் போயிற்று.

கடைசியாகக் கணக்கு நோட்டு. அப்பா நாற்பது ஆண்டாக வீட்டு வரவு செலவை நாள்தோறும் எழுதிவருபவர். கையெழுத்து எப்போது சிறுத்தது என்பதை அதைவிடத் தெளிவாக வேறெது காட்டும்? நோட்டைக் கேட்டேன். அவர் முகம் மாறிற்று. நடுக்கத்தைப் பற்றிப் பேசியபோதுகூட அப்படி மாறவில்லை.

“அதில் எல்லாம் இருக்கே தம்பி” என்றார்.

எல்லாம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. என் விடுதிக் கட்டணத்துக்கு யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்பதும் அதில் இருக்கும். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரைமணி கழித்து, தாமே தேர்ந்தெடுத்த இரண்டு பக்கங்களைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று 2022 சித்திரை. மற்றது 2025 சித்திரை. இரண்டும் பால் கணக்கும் காய்கறிக் கணக்குமே. முதற் பக்கத்தில் எழுத்துகள் முத்துக் கோத்தாற்போல் நின்றன. இரண்டாம் பக்கத்தில் வரியின் தொடக்கத்தில் கடுகாக இருந்த எழுத்து, வரி முடிவதற்குள் கசகசா ஆகிவிட்டது.

நோயைச் சொல்லுவது என்றால் மானத்தையும் கொஞ்சம் அவிழ்த்துக் காட்டுவதே. இளைஞர்களாகிய நமக்கு இது எளிதில் தோன்றுவதில்லை. எவ்வளவு காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கே உரியது. கேட்பது நம் கடமை. பிடுங்குவது நம் கடமையன்று.

போவதற்கு முதல் நாள் இரவு அப்பா தேர்வுக்குப் போகும் மாணவனைப்போல் ஆனார். சலவை வேட்டி எடுத்து வைத்தார், முகச்சவரம் செய்துகொண்டார், அத்தானின் புதுச் செருப்பைக் கேட்டார். கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்து பார்த்துவிட்டு, “டாக்டர் நடக்கச் சொன்னால் இப்படி நடந்து காட்டினால் போதுமா?” என்று கேட்டார். வெற்றி பெறுவதற்கன்று, உள்ளது உள்ளபடி தெரிவதற்கே போகிறோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காள் சொன்னாள்: “அப்பா, பழைய செருப்பையே போட்டுக்குங்க. வீட்டில் எப்படி நடக்கிறீங்களோ அப்படியே நடங்க. கை ஆடினா ஆடட்டும், பிடிக்காதீங்க.” அன்று மாலை அவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடிய கையை, அவர் இசைவு பெற்றே, கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்திருந்தோம். டாக்டர் எதிரில் நடுக்கம் ஒளிந்துகொண்டாலும் படம் சாட்சி சொல்லுமல்லவா?

திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் சேர்த்து நான்காக எண்ணுகிறார். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது, பேணுதல் என்றால் கஞ்சி காய்ச்சுவதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் என்றே பொருள் சொல்லித் தந்தார்கள். நோயாளியின் சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் மருத்துவர் காதில் சேர்ப்பதும் பேணுதலே என்று இப்போது சேர்த்துக்கொள்கிறேன். வேற்று மொழி வழங்கும் ஊரில் அதுவே பெரிய பேணுதல்.

காலை ஏழு மணிக்குப் போனோம், பதினொன்றரைக்கு அழைத்தார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் மூட்டையும் கூசாவுமாகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் கோப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மகனோ மருமகளோ இருந்ததைக் கவனித்தேன்.

நிபுணர் ஓர் அம்மையார். தாளை வாங்கி ஒரு முறை முழுவதும் படித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். விடை எனக்குத் தெரியும், வாயைத் திறந்தேன். “அவர் சொல்லட்டும், அவர் சொன்னதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்” என்றார். தமிழ் அறியாத அவர், அப்பா தமிழில் பேசுவதை அவ்வளவு கூர்ந்து கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. குரல் தணிந்திருக்கிறதா, முகம் அசைகிறதா என்று பார்த்திருக்கிறார் என்பதை நண்பர் பின்னால் விளக்கினார். விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பின்னால் நின்று தோளைப் பற்றி இழுத்துப் பார்த்தார். “உங்கள் மொழியிலேயே ஒரு வரி எழுதுங்கள்” என்று தாளைக் கொடுத்தார். அப்பா தம் பெயரையும் ஊரையும் வங்கியின் பெயரையும் எழுதினார். எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் எழுத்து சிறுப்பதைக் கண்டார்.

பிறகு பையைக் கவிழ்த்தார். சின்னரிசின் அட்டையை எடுத்து, “இது எத்தனை நாளாக?” என்றார். தாளில் இருந்தது, ஆயினும் அப்பாவையே சொல்லவைத்தார். “இரண்டு வருஷம்.” அதன் பிறகு அவர் பேசிய வேகமே குறைந்துவிட்டது. கை அசைவைச் சீராக நடத்த மூளைக்கு டோபமின் என்ற பொருள் வேண்டும். தலைச்சுற்றுக்குத் தரும் சின்னரிசின், புளூநரிசின், குமட்டலுக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் ஆகியவை அதன் வேலையைத் தடுக்கக்கூடியவை. நெடுநாள் உட்கொண்டால், வயதானவர்களுக்குச் சிறப்பாக, பார்க்கின்சன் நோயைப்போலவே நடுக்கமும் விறைப்பும் உண்டாகலாம். பூனைக்காலி டப்பாவைப் பார்த்து அவர் ஏசவில்லை, புன்னகை செய்தார். “ஒன்று தடுக்கிறது, இன்னொன்று கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நான் எதை நம்புவது?” என்றார். இரண்டையும் நிறுத்தச் சொன்னார். இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றினார்.

ஆனால் அவர் உறுதிமொழி எதுவும் தரவில்லை. மருந்தினால் வந்த நடுக்கமானால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தணியும். தணியாவிட்டால், உள்ளே மெல்லத் தொடங்கியிருந்த நோயை அம்மருந்து முன்கூட்டியே வெளிக்கொண்டுவந்தது என்று கொள்ளவேண்டியிருக்கும். “மூன்று மாதம் பார்ப்போம்” என்று முடித்தார். தாளில் கடைசியாக மூன்று கேள்விகள் எழுதியிருந்தோம். மூன்றாவது அப்பாவினுடையது: ‘நோட்டு எழுதலாமா?’ “நாள்தோறும் எழுதுங்கள், பெரிய எழுத்தாக, கோடு போட்ட தாளில் எழுதுங்கள்” என்றார். அந்த விடையை மொழிபெயர்க்கும்போது என் குரல் சற்றுத் தடுமாறியது.

நண்பர்களே, ஒரு செய்தியைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் தீங்கு செய்யும் மருந்துகளும் உண்டு. நிறுத்துவது மருத்துவர் வேலை. அவர் கண்ணில் படும்படி கொண்டுபோய் வைப்பதுதான் நம் வேலை. அந்தச் சிறிய அட்டை ஊரில் பெட்டிக்குள்ளேயே இருந்திருந்தால், அப்பாவின் கை ஆடுவதற்கு அங்கே எத்தனை பேர் என்னென்ன பெயர் வைத்திருப்பார்களோ!

செப்டம்பரில் மீண்டும் போனோம். இடக்கை ஓய்ந்திருந்தது. எழுந்தால் கண் இருட்டுவதும் குறைந்திருந்தது. வலக்கைக் கட்டைவிரல் மட்டும் இன்னும் எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறது, முன்னைவிட மெதுவாக. இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்லமுடியும் என்றார் அம்மையார். நாங்களும் பொறுத்திருக்கிறோம்.

அப்பா இப்போது ஊரில் இருக்கிறார். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரவு ஒரு புறமும் செலவு ஒரு புறமும் போடுவதைப்போலக் கோடு கிழித்து, கை ஓய்ந்திருந்த நாளை ஒரு புறமும் ஆடிய நாளை மறு புறமும் தாமே எழுதிவருகிறார். யாரும் சொல்லித் தரவில்லை. சென்ற வாரம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எழுத்து கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. என் கண்ணை நம்பாமல் அக்காளுக்கும் அனுப்பிவைத்தேன்.